ஓய்வுக் காலமும் உருளும் சக்கரமும்

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெறுதல் என்பது மனித சரித்திரத்தில் மிகவும் புதியதொரு வழக்கமாகும். உழவரும் தச்சரும் நெசவாளரும் கைகால் ஓயுமட்டும் தத்தம் தொழிலைச் செய்தே பண்டைநாளில் வாழ்ந்து வந்தனர். இன்ன வயதில் தொழிலாளி ஒருவன் உபகாரச் சம்பளம் பெறலாம் என்னும் விதி, ஒரு தேசத்துத் தொழிலாளர் பெருந்திரளுக்கெனச் சட்டமாயமைந்தது 1889-ஆம் ஆண்டில், ஜெர்மானிய தேசத்தில், பிஸ்மார்க் ஆட்சி செலுத்திய காலத்திலேயாம். அச்சட்டம் குறித்த வயது 70. இதற்கு நான்காண்டுகட்கு முன்னர், 1885-ல், இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் சங்கிலியும் பொருந்திய சைக்கிளை ஆக்கி விற்பனைக்கு விட்டார். 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியராகிய டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர் டயரை அதற்கு உதவினார். அதுகாறும் சைக்கிளென்பது ஆளுயரச் சக்கரத்தின் உச்சியிலே ஏறியமர்ந்து, விழுந்தால் தலைகுப்புற விழ நேரும் ஆபத்தான வாகனமாயிருந்தது. ஆகவே முதியோர்க்கு ஓய்வும், முதியோரும் அஞ்சாது ஏறத்தக்க வண்டியும், ஒரே பத்தாண்டில் உலகிற் பிறந்தன எனலாம். இவ்விரண்டும் தம்முட் கூடியதால் விளைந்த ஒரு வழக்கத்தைப்பற்றி எமது கருத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், வேலையை விட்டு ஓய்ந்த ஆடவரும் பெண்டிரும் சிலர், சைக்கிளின் பின்னே டிரெய்லர் என்னும் சிறியதோர் இழுவண்டியைக் கொளுவி, அதிற் கூடாரமும் படுக்கையும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் பிரயாணஞ் செய்கின்றனர். அறுபதைக் கடந்தோரும் எழுபதைக் கடந்தோரும் இவருள் உண்டு. இதனைக் கேட்போர் இருவகையாகப் பேசுவர். ஒரு சாரார், "தள்ளாத வயதில் இஃதென்ன விபரீதம்!" என்று நகைப்பர். மற்றொரு சாரார், "ஆகா! இளைஞரையும் வென்றுவிட்டனரே!" என்று வியப்பர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது எம் கருத்து. இப்பிரயாணத்துக்கு முதன்மையாக வேண்டப்படுவது தேகபலமென்றே இரு சாராரும் எண்ணிவிட்டனர். உண்மையில் இதற்கு முதன்மையாக வேண்டப்படுவது அளவறிதல். எதனை ஏற்றிச் செல்வது, எதனை விட்டுச் செல்வது, ஒரு நாளைக்கு எவ்வளவு செல்வது, எவ்விடத்தில் நிற்பது என்னும் இவ்விவேகம் இளமையில் அருமை. முதுமையில் அடைதற்கு எளிது. ஆதலின் இதனை முதுமைக்கே உரிய பிரயாணமென்று யாம் துணிந்து கூறுவோம்.

சரித்திரமும் இதற்குச் சான்று பகர்கின்றது. சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல்வர் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார். 1884-ல் சான்பிரான்சிஸ்கோவினின்றும் புறப்பட்டு 1886-ல் யோகோஹாமாவை அடைந்தபோது அவர் இளைஞர். சில உடைகளும், போர்வையாகவும் கூடாரமாகவும் உதவிய ஒரு மழைச்சட்டையும், ஒரு கைத்துப்பாக்கியுமே அவரது மூட்டை. நம் நாட்டிலும் 1923-ல் பம்பாயினின்றும் சைக்கிளிற் புறப்பட்ட பார்ஸி இளைஞருள் மூவர், 71,000 கிலோமீட்டர் கடந்து 1928-ல் ஊர் திரும்பினர். இவையெல்லாம் யௌவனத்தின் பிரயாணங்கள். பட்டினி கிடந்தும் பாலைவனத்தைக் கடந்தும் பெற்ற வெற்றிகள். ஆயின் சைக்கிளையும் கூடாரத்தையும் ஒன்றுசேர்த்து அதனை ஒரு கலையாக்கியவர் தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்னும் லண்டன் தையற்காரர். அவர் 1844-ல் பிறந்தவர். சிறு பிராயத்தில் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித்தொடரிற் கடந்து, மிசிசிப்பி நதிக்கரையில் கூடாரத்திற் றங்கியவர். 1897-ல் தோழருடன் அயர்லாந்தின் கானமாரா நாட்டில் சைக்கிளிற் சென்று கூடாரமடித்துத் தங்கி, மறு ஆண்டில் அதனைப்பற்றி நூலொன்று வெளியிட்டார். 1901-ல் சைக்கிட் கூடாரவாசிகளின் சங்கம் அவர் முயற்சியால் தோன்றிற்று. கானமாராவுக்குச் சென்றபோது அவருக்கு வயது 53. இக்கலையின் தந்தை இளைஞரல்லர் என்பதை நகைப்போர் சிந்திப்பாராக. தையற்காரராதலின் துணியின் எடையை நன்கறிந்த அவர், மடித்தால் மிகச் சிறிதாகும் இலேசான கூடாரங்களைத் தாமே அமைத்தார். வலிமையைப் பெருக்கிப் பாரத்தைச் சுமப்பதினும், அறிவைப் பெருக்கிப் பாரத்தைக் குறைப்பதே சிறந்ததென்பது அவர் நெறி.

இனி இழுவண்டியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இஃது இருவகைப்படும். ஒன்று, ஒற்றைச் சக்கரமுடையது. சைக்கிளின் பின்சக்கர அச்சில் இருபுறமும் கொளுவப்பெற்று, சைக்கிள் சாயுமிடத்துத் தானும் சாய்ந்து, அது சென்ற தடத்திலேயே செல்லும். எனவே குறுகிய பாதைக்கும் கரடுமுரடான வழிக்கும் ஏற்றது. அதன் எடை ஏறக்குறைய 6 முதல் 8 கிலோ. அது தாங்கும் பாரம் ஏறக்குறைய 30 கிலோ. மற்றொன்று, இருசக்கரமுடையது. கழற்றி வைத்தாலும் தானே நிற்கும்; மிகுந்த பாரந் தாங்கும். ஆயின் அகலம் அதிகமாதலின், ஓரத்துக் குழியில் ஒரு சக்கரம் இறங்கினாலும், வளைவில் விரைந்து திரும்பினாலும் கவிழ்ந்துவிடக்கூடும்.

சைக்கிளின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுச் செல்லுதல் பெரும்பாலோர் வழக்கமாயிருக்க, முதியோருட் சிலர் இழுவண்டியை விரும்புவது ஏன்? பாரம் நிலத்துக்கு அணித்தாகத் தாழ்ந்திருப்பதால், சைக்கிளில் ஏறும்போதும் இறங்கும்போதும் அது ஒருபுறமாகச் சரிந்து இழுக்காது. வயது முதிர்ந்தோர் ஓடும்போது மட்டுமன்றி, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதுண்டு. அன்றியும் பின்சக்கரத்தின் கம்பிகள் சுமக்கவேண்டிய பாரம் குறைகின்றது. கூடாரமடித்தபின் இழுவண்டியைக் கழற்றி அங்கேயே விட்டு, வெறுஞ் சைக்கிளில் ஊருக்குட் சென்று ரொட்டியும் பாலும் வாங்கி வரலாம். குறைகளும் இல்லாமலில்லை. சக்கரம் ஒன்று கூடுதலாயின் பஞ்சரும் ஒன்று கூடுதலாகும். இறக்கத்தில் அது பின்னின்று தள்ளும். வேகம் மிகுந்தால் பாம்புபோல் நெளியும். பிரேக்கைப் பிடித்தபின் நிற்பதற்கு நெடுந்தூரம் பிடிக்கும். ரயிலில் ஏற்றுவதும் படிக்கட்டில் தூக்குவதும் தொல்லை. ஆகவே இறக்கத்தில் விரையாமை இவ்வண்டி கற்பிக்கும் முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடம் மூட்டையைப்பற்றியது. ஒருவர்க்கு வேண்டிய கூடாரம் 2 கிலோ. உறங்கும் பையும் விரிப்பும் 2 கிலோ. அடுப்பும் பாத்திரமும் 1 கிலோ. உடையும் மழைச்சட்டையும் 4 கிலோ. கருவிகளும் பம்பும் மாற்று டியூபுகளும் 1½ கிலோ. உணவும் நீரும் 5 கிலோ. ஆக 16 கிலோவுக்குள் ஒரு குடித்தனமே அடங்கிவிடுகின்றது! இழுவண்டி இதனினும் இருமடங்கு தாங்குமே என்று கருதி, நாற்காலியும் தலையணையும் பல நூல்களும் ஏற்றுவார் உளர். முதல் மலையேற்றத்தில் அவர் தெளிவடைவர். சமவெளியில் பாரம் பெரிதாகத் தோன்றாது. ஏற்றத்திலோ ஒவ்வொரு கிலோவும் மலையின் உயரம் முழுமையும் நம் காலாலேயே தூக்கப்படவேண்டும். அப்பொழுது, "இஃது எனக்கு மெய்யாகவே வேண்டுமா?" என்னும் வினா எழுகின்றது. முப்பது நாற்பதாண்டு உழைத்து, வீடு நிறையப் பண்டங்களைச் சேர்த்தவர், அவற்றுள் 16 கிலோவே தமக்கு இன்றியமையாதன என்று அறிந்துகொள்ளுதல் சிறிய பேறன்று. வழிக்கு மிகுதியாக ஒன்றும் எடாமற் செல்லுமாறு தம் சீடரைப் பணித்த ஆண்டவரது கட்டளையை ஆலயத்திற் பன்முறை கேட்டிருக்கின்றோம். அதன் பொருளை முழங்கால் வாயிலாகவும் கற்கலாம் போலும்.

மூன்றாவது பாடம் வேகத்தைப்பற்றியது. இங்கே பௌதிக சாஸ்திரம் முதியோர்க்குப் பெருந்துணை செய்கின்றது. சைக்கிளின் வேகம் இருமடங்கானால், காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லச் செலவிடும் சக்தி எட்டு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் செல்லும் இளைஞன் காற்றோடு போராடியே தன் பலத்தின் பெரும்பகுதியை இழக்கின்றான். 12 கிலோமீட்டர் செல்லும் கிழவரோ காற்றோடு சமாதானமாய்ப் போகின்றார். நான்கு மணி நேரம் அங்ஙனஞ் சென்றால் 48 கிலோமீட்டர் ஆயிற்று. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, இடையிடையே தங்கி, நண்பகலுக்குப்பின் கூடாரமடித்துவிடலாம். ஆறு நாள் செல்லுதல், ஏழாம் நாள் ஓய்ந்திருத்தல் என்னும் பழைய முறையினும் சிறந்ததை எவ்வைத்தியரும் இதுவரை கண்டிலர்.

இவ்வாறு செல்வோர்க்கு எத்தகைய வழி தகும் என்பதற்கு ஓர் உதாரணங் காட்டுவோம். பிரான்சில் நாந்த் நகரத்தினின்றும் ருமேனியாவில் கருங்கடற்கரைவரை, பத்துத் தேசங்களினூடே, சுமார் 4,400 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிட் பாதையொன்று உண்டு. அதில் ஜெர்மனியின் பாசவ் நகருக்கும் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கும் இடைப்பட்ட பகுதி, தானியூப் நதியையொட்டி ஏறக்குறைய 320 கிலோமீட்டர். முற்காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துச் சென்ற வழியே பல இடங்களில் இன்று சைக்கிட் பாதையாயிற்று. நதியோடு செல்லும் வழியாதலின் ஏற்றமென்பது அரிது. அவ்வளவு தூரத்துக்கும் 150 மீட்டருக்குக் குறைவாகவே நிலந் தாழ்கின்றது. ஷ்லோகன் என்னுமிடத்தில் நதி மலைகளிடையே பாம்புச் சுருள்போல் வளைய, சைக்கிளோடு ஆளையும் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கின்றனர். மெல்க் நகரில் குன்றின்மேல் பெனடிக்டின் துறவிகளின் பெருமடம் பொன்னிறமாய்த் தோன்றுகின்றது. அதற்கப்பால் வாகாவ் பள்ளத்தாக்கில், கற்சுவர் கட்டிய படிவரிசைகளில் திராட்சையும், கீழே சர்க்கரைபாதாமித் தோப்புகளும் நிறைந்துள்ளன. கூடாரமடிக்கும் இடங்கள் வழிநெடுக இருக்கின்றன. இளைஞர் நான்கே நாளில் இவ்வழியைக் கடந்துவிடுவர். ஓய்வு பெற்றவர் ஒன்பது நாளோ பத்து நாளோ கொள்ளலாம். அவரை எதிர்நோக்கி எந்த மணியும் அடிக்கவில்லை.

அங்ஙனம் மெல்லச் செல்வதன் பயன் அழகிய காட்சிகளைக் காண்பது மட்டுமன்று. லின்ஸ் நகருக்குக் கிழக்கே அதே நதிக்கரையில் மௌத்ஹௌசன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூருக்கு மேலே குன்றின்மீது 1938 முதல் 1945 வரை ஹிட்லரின் ஆட்சியினர் நடத்திய சிறைமுகாம் இருந்தது. அதிலும் அதன் கிளை முகாம்களிலுமாகச் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர்; குறைந்தது 90,000 பேர் மாண்டனர். கருங்கல்லை வெட்டிச் செங்குத்தான படிகளின் வழியே சுமந்தேறுமாறு அவர்கள் வதைக்கப்பட்டனர். விரைந்து செல்வோர் நதியையே பார்த்துக்கொண்டு அவ்வூரைக் கடந்துவிடுவர். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டரோடு நிறைவுகொண்டவர், இழுவண்டியைக் கீழே கழற்றி வைத்துவிட்டு, மெல்ல அக்குன்றின்மேலேறி, அங்கே மௌனமாய் நின்று, இறங்கி வருவர். மெலிந்தோர் முதுகிற் கல்லேற்றிய இடத்தையும், தாமே விரும்பித் தம் பாரத்தைக் குறைத்துக்கொண்டு வந்ததையும் ஒருங்கே நினைப்பார்க்கு, சுதந்தரம் என்னும் சொல்லின் பொருள் முன்னினும் தெளிவாய் விளங்கும்.

இனித் தடை கூறுவோர்க்கு விடை கூறுவோம். முதலாவது, "தேகம் தாங்குமா?" என்பர். பிரான்ஸ் தேசத்து ராபர்ட் மார்ஷான் என்பார் 1911-ல் பிறந்தவர். 2014-ல், தமது 102-ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் சைக்கிளிற் சென்றார். 2017-ல், 105-ஆம் வயதில், 22.547 கிலோமீட்டர் சென்றார். 101-ஆம் வயதுக்கும் 103-ஆம் வயதுக்கும் இடையே, முறையான பயிற்சியினால், பிராணவாயுவை உட்கொள்ளும் அவரது ஆற்றல் ஏறத்தாழ நூற்றுக்கு 13 வீதம் உயர்ந்ததென்று சாஸ்திரிகள் அளந்து கண்டனர். யாவரும் மார்ஷான் ஆகலாமென்று யாம் கூறவில்லை. மூப்பிலும் தேகம் பயிற்சிக்கு இணங்குகின்றதென்பதே இதனால் அறியத்தக்கது. சைக்கிள் உடலின் பாரத்தைத் தான் தாங்குவதால் முழங்காலுக்கு இதமானது, ஆயின் அக்காரணத்தாலேயே எலும்பை உறுதிப்படுத்த அது போதாது, நடையும் வேண்டும். புறப்படுமுன் இருதயத்தை வைத்தியரிடங் காட்டுதலும், பின்வருவதைக் காணக் கைப்பிடியிற் கண்ணாடி பொருத்துதலும், இழுவண்டிக்குச் சிறு கொடி கட்டுதலும் அவசியம். மின்சார மோட்டார் துணைபுரியும் சைக்கிள்களும் இப்பொழுது உள. ஐரோப்பியச் சட்டப்படி அவற்றின் சக்தி 250 வாட். 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் துணை நின்றுவிடும். அதனை நாடுவோரை யாம் இகழோம். கண்ணாடி அணிந்து வாசிப்பவன் வாசியாதவனாகிவிடுவானோ?

இரண்டாவது, "குடும்பக் கடமையை விட்டு அலைவது தகுமா?" என்பர். இத்தடை கனமானது. டெர்வ்லா மர்ஃபி என்னும் அயர்லாந்துப் பெண்மணி, பத்தாம் வயதில் சைக்கிளும் தேசப்படப் புத்தகமும் பரிசாகப் பெற்றபோதே, சைக்கிளில் இந்தியா செல்வதெனத் தீர்மானித்தார். ஆயின் நோயுற்ற தாயாரைப் பேணும் கடமை அவர்மேல் வந்தது. தாயார் 1962-ல் இறக்குமட்டும் அவர் பணிவிடை செய்தார். 1963-ல், தமது 31-ஆம் வயதில், புறப்பட்டு இந்தியா வந்து சேர்ந்தார். வந்தவர் திபேத்திய அகதிக் குழந்தைகளுக்குப் பணி புரிந்தார். அறுபது வயது நிரம்பியபின் 1992-ல் கென்யாவினின்றும் சிம்பாப்வேவரை மீண்டும் சைக்கிளிற் சென்றார். கடமை முடியும்வரை காத்திருந்த ஆசை கெட்டுப்போகவில்லை, பக்குவமே அடைந்தது. ஓய்வு பெற்றோரும் அவ்வாறே. கைக்குழந்தையும் நோயாளியும் வீட்டிலிருக்க, அவர்களைப் பிறர்மேற் சுமத்திவிட்டுப் புறப்படுவது பிரயாணமன்று, ஓட்டம். கடமை தீர்ந்தபின்னும் திண்ணையை விட்டு எழாதிருப்பதைக் கடமையென்று பெயரிட்டழைப்பதும் பொருந்தாது.

மூன்றாவது தடை பிள்ளைகளிடமிருந்து வருவது. "அப்பா, இந்த வயதில் தங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்?" என்று அன்போடு தடுக்கின்றனர். அவ்வன்பினுள் அச்சமும் கலந்துள்ளது. பெற்றோர் தம் கண்காணிப்பிலேயே இருத்தல்வேண்டும் என்னும் எண்ணமும் சிறிது கலந்துள்ளது. மாணவ நண்பர்களே! நீங்கள் முதன்முதல் சைக்கிள் பழகியபோது, பின்னே பிடித்துக்கொண்டு ஓடி வந்து, உரிய சமயத்தில் கையை விட்டவர் அவரேயன்றோ? விழுவீர்களென்று அறிந்தும் விட்டார். அக்கடனை நீங்கள் திருப்பித் தரவேண்டிய காலம் ஒன்று வரும். வழியைச் சேர்ந்து ஆராயுங்கள். சக்கரத்தைச் செப்பஞ் செய்து கொடுங்கள். நாள்தோறும் மாலையில் ஒரு செய்தி அனுப்புமாறு கேளுங்கள். பின்னர்க் கையை விடுங்கள்.

ஓய்வு பெற்ற பெரியோர்க்கும் ஒரு வார்த்தை. இப்பிரயாணத்தில் முதியோரைக் கெடுக்கும் பகை புகழாசை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை தேசம் என்று எண்ணத் தொடங்கியவர், அளவறியும் நெறியை விட்டு, மறுபடியும் உத்தியோகத்திற் சேர்ந்துவிட்டவராவர். மழையையும் எதிர்காற்றையும் மதித்து ஒரு நாள் தங்குதலும், இயலாதபோது ரயிலேறித் திரும்புதலும் இக்கலையின் பகுதிகளே.

பொதுமக்களும் அரசாங்கமும் செய்யவேண்டியதும் உண்டு. நார்வே தேசம் 1957-ல் இயற்றிய சட்டத்தினால், பயிரிடாத நிலத்தில், வீட்டுக்கு 150 மீட்டருக்கு அப்பால், எவரும் கூடாரமடித்து இரவு தங்கலாம். ஸ்காத்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவர்க்கும் வெளிநிலங்களிற் செல்லவும் தங்கவும் உரிமை தந்தது. இவை செல்வர்க்கன்றி யாவர்க்கும் உரிய சலுகைகள். சாலைகளைப்பற்றி யாம் கூறுவதும் அதுவே. எழுபது வயதினர் ஒருவர் தம் இழுவண்டியோடு அச்சமின்றிச் செல்லத்தக்க சாலையில், பள்ளிக்குச் செல்லும் எட்டு வயதுச் சிறுமியும் அச்சமின்றிச் செல்வாள். அவர் செல்லக்கூடாத சாலையில் அவளும் செல்லக்கூடாது. ஆதலின் முதியோரைச் சாலையினின்றும் விலகச் சொல்லுமுன், அச்சாலையை யாருக்காக அமைத்தோம் என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.

ஓய்வென்பது உழைப்பின் முடிவாகலாம், வாழ்வின் முடிவாகாது. நம் கல்லூரியில் இன்று சைக்கிளை மிதித்து வரும் மாணவர், நாளை வேறு வாகனம் வந்ததும் அதனை மூலையிற் சார்த்திவிடாது, வாரம் ஒருமுறையேனும் ஏறுவாராக. அறுபதாண்டில் வேண்டப்படும் முழங்கால் இருபதாண்டிலேயே ஆக்கப்படுகின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியரும் பழைய மாணவரும், நெடும்பயணத்துக்கு முன் ஒரே ஓர் இரவு, அடுத்த ஊர்வரை சென்று தங்கித் திரும்பிப் பார்ப்பாராக. வேண்டாதவற்றை இறக்கி வைக்கும் அறிவையும், வேண்டிய அளவு செல்லும் பலத்தையும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும் மனத்தையும், எல்லாம் வல்ல இறைவன் அவர்க்கு அருள்வானாக.